பழைய பிக்கப் வாங்கி ரோட்டுலயே குடியிருக்கலாமா? – வாசகர் கேள்விகளும் நம்ம பதில்களும்

போன இதழ்ல ஒரு வாசகர், பழைய பிக்கப் ஒண்ணு வாங்கி பின்னாடி படுக்கை போட்டுக்கிட்டு ஊர் சுத்தலாமான்னு கேட்டிருந்தார், நானும் "சுத்தலாம், ஆனா வண்டிய பாக்கறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க"ன்னு ஒத்தை வரில முடிச்சிட்டேன். அந்த ஒத்தை வரிக்கு வந்த கடிதங்களப் பாத்தா தமிழ்நாட்டுல பாதி பேர் வீட்டைக் காலி பண்ணிட்டு கிளம்பத் தயாரா இருக்கற மாதிரி தெரியுது. அதனால இந்த வாரம் பகுதி முழுக்க பிக்கப்புக்கே.

கேள்வி: வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்கறேன். ஒரு வருஷம் இந்தியா முழுக்க சுத்திக்கிட்டே வேலை பாக்கலாம்னு ஆசை. புரோக்கர் ஒருத்தர் பொலிரோ கேம்பர் ஒண்ணு 4.75 லட்சம் சொல்றார், இன்னொருத்தர் 2018 இசுஸு வி-கிராஸ் 11 லட்சம் சொல்றார். ரெண்டுக்கும் பின்னாடி தொட்டி ஒரே அளவுதான் இருக்கு, அப்புறம் எதுக்கு டபுள் மடங்கு குடுக்கணும்? – ஈரோடு வாசகர்

தொட்டியைப் பாக்காதீங்க, நம்பர் பிளேட் கலரைப் பாருங்க. பொலிரோ கேம்பர் பெரும்பாலும் மஞ்சள் போர்டு, அதாவது சரக்கு வண்டின்னு பதிவு. வி-கிராஸ் 2016ல இங்க வந்தப்பவே சொந்த உபயோகத்துக்குன்னு வித்தாங்க, அதனால வெள்ளை போர்டு (அதே இசுஸுல எஸ்-கேப்னு ஒண்ணு இருக்கு, அது பெரும்பாலும் மஞ்சள்தான், போட்டோவைப் பாத்து குழம்பிடாதீங்க). நீங்க குடுக்கற அந்த கூடுதல் ஆறு லட்சத்துல கொஞ்சம் இன்ஜினுக்கு, கொஞ்சம் நாலு வீல் டிரைவுக்கு, மீதி அந்த வெள்ளைக் கலருக்கு.

மஞ்சள் போர்டு வாங்கினா என்ன ஆகும்னா, வண்டிக்கு 8 வயசு ஆகற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு ஆர்.டி.ஓ. பாத்துத் தர்ற சர்டிஃபிகேட்) காட்டணும், அதுக்கப்புறம் வருஷா வருஷம் காட்டணும். நீங்க அருணாச்சல்ல இருப்பீங்க, எஃப்.சி. தேதி அடுத்த வாரம் முடியும், அப்ப தெரியும் அதோட அருமை. வரிக் கணக்கு வேற, இன்சூரன்ஸ் வேற. செக்போஸ்ட்ல மடக்கி "என்ன லோடு?"ன்னு கேட்டா "மெத்தையும் குக்கரும் சார்"னு சொல்லணும், சில இடத்துல சிரிப்பாங்க, சில இடத்துல ஓரமா நிப்பாட்டச் சொல்லுவாங்க. முக்கியமா சரக்கு வண்டியோட தொட்டில ஆள் உக்காந்து போறதுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. ஆர்.சி.ல எத்தனை சீட்டுன்னு போட்டிருக்கோ அத்தனை பேர்தான் கணக்கு, அதுவும் கேபினுக்குள்ள.

நல்ல விஷயமும் இருக்கு, சொல்லணும்ல. 3,000 கிலோ மொத்த எடைக்குள்ள இருக்கற சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. சாதா கார் லைசென்ஸ் வச்சே 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிய ஓட்டலாம்னு சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்ச்ல திட்டவட்டமா சொல்லிடுச்சு, அதனால பேட்ஜ் (சரக்கு, வாடகை வண்டி ஓட்ட தனி அனுமதி) இல்லையேன்னு கவலைப்பட வேண்டாம். கிராமத்து மெக்கானிக் கண்ண மூடிக்கிட்டு சரி பண்ணுவார், பார்ட்ஸ் பொட்டிக்கடை இருக்கற ஊர்ல எல்லாம் கிடைக்கும். இசுஸுக்கு அப்படி இல்ல, ஷோரூம் இருக்கற ஊரைத் தேடி சில சமயம் நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும்.

இதுல புரோக்கர் ஒரு டயலாக் விடுவார், "வாங்கிக்குங்க சார், மஞ்சளை வெள்ளையா மாத்திக்கலாம்"னு. கம்பெனி சரக்கு வண்டின்னு அப்ரூவல் வாங்கின மாடலை சொந்த வண்டியா மாத்தறது ஆர்.டி.ஓ. மனசு வச்சா மட்டும் நடக்கற காரியம் இல்ல, நிறைய இடத்துல நடக்கறதே இல்ல. மாத்தித் தர்றேன்னு சொல்றவர்கிட்ட, மாத்தினதுக்கு அப்புறம் முழுப்பணம் தர்றேன்னு சொல்லிப் பாருங்க, பேச்சு அப்படியே மைலேஜ் பக்கம் திரும்பிடும்.

என் ஓட்டு என்னன்னு கேட்டா, ஒரு வருஷம் பல மாநிலம்னா வி-கிராஸ், இல்ல டாடா செனான், ஸ்கார்பியோ கெட்-அவே மாதிரி பழைய மாடல்ல வெள்ளை போர்டு கிடைச்சா அது. தமிழ்நாடு கேரளாக்குள்ள மட்டும் வார லீவுக்குன்னா கேம்பரே தாராளம்.

கேள்வி: நாளன்னைக்கு ஒரு வண்டி பாக்கப் போறேன். எனக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரியாது. என்னென்ன பாக்கணும்? – தூத்துக்குடி வாசகர்

ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றவங்கதான் நல்லா பாப்பாங்க, எல்லாம் தெரிஞ்சவங்க பானெட்டைத் தொறந்து தலையாட்டிட்டு வந்துடுவாங்க. உங்களுக்கு ஊரே ஒரு பாடம், அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கறேன். கடலோர ஊர்ல பிக்கப் வாங்கினா அது மீன் ஏத்தின வண்டியான்னு முதல்ல பாக்கணும். ஐஸ் போட்ட மீன் பெட்டில இருந்து உப்புத்தண்ணி ராத்திரி முழுக்க சொட்டிக்கிட்டே வரும், தொட்டியோட பலகைச் சந்து வழியா இறங்கி சேஸிஸ் கட்டை (மொத்த வண்டியையும் தாங்கற அடிச்சட்டம்) மேல நிக்கும். மேல புதுசா பெயிண்ட் அடிச்சு தொட்டில மேட் விரிச்சு விப்பாங்க, மோந்து பாத்தாக்கூட தெரியாது, பினாயில் போட்டுக் கழுவி வச்சிருப்பாங்க.

அதனால ஒரு பழைய லுங்கி, ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போங்க. லுங்கிய விரிச்சு பின் சக்கரத்துப் பக்கம் படுங்க. பின்னாடி பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ரெண்டு முனையிலயும் சேஸிஸோட சேர்ற இடத்துல ஒரு பிராக்கெட் இருக்கும், அந்த இடத்துலதான் சேறு அடைஞ்சு ஈரம் நிக்கும், துரு அங்கதான் முதல்ல பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவர் பின்புறத்தால தட்டிக்கிட்டே வாங்க. "டங்"குனு கேட்டா இரும்பு இருக்கு. "பொத்"துனு கேட்டு ஒரு செதில் உதிர்ந்தா, நுனிய வச்சு அழுத்துங்க. நுனி உள்ள போச்சுன்னா எழுந்திரிச்சு லுங்கிய மடிச்சுக்கிட்டு ஓனருக்கு நன்றி சொல்லிட்டு வந்துடுங்க, இன்ஜின் ஓடுதா இல்லையான்னுகூட பாக்க வேண்டாம். மேலாக பழுப்பா இருக்கற துரு எல்லா வண்டிலயும் இருக்கும், அதுக்கு பயப்பட வேண்டாம். ஆனா கருப்பா தாரு மாதிரி கெட்டியா ஒண்ணு புதுசா பூசியிருந்தா, அது எதை மூடுதுன்னு கேளுங்க. சேஸிஸ்ல வெல்டிங் பத்தை போட்டிருந்தாலும் அதே கேள்விதான்.

சேஸிஸ்க்கு இவ்வளவு ஏன் சொல்றேன்னா, இன்ஜின் போனா செஞ்சுக்கலாம், கியர் பாக்ஸ் போனா மாத்திக்கலாம், செலவுதான். சேஸிஸ் போச்சுன்னா வண்டியே போச்சு, அது மேல நீங்க குடும்பத்தோட தூங்கப் போறீங்க.

அப்புறம் இன்ஜின். நீங்க வர்றீங்கன்னு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருப்பாங்க, அதனால போன உடனே கைகுடுக்கறதுக்கு முன்னாடி பானெட் மேல கைய வச்சுப் பாருங்க, சூடா இருந்தா டீ குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் பண்ணி ஓடும்போது ஆயில் ஊத்தற மூடியத் தொறந்தா லேசா ஆவி வரலாம், ரயில் இன்ஜின் மாதிரி குபுகுபுன்னு தள்ளினா உள்ள ரிங் தேஞ்சிருக்கு. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்காம வந்து கூலன்ட் டப்பால ஆயில் மிதந்தா ஹெட் கேஸ்கெட். கறுப்புப் புகை இன்ஜெக்டர், டர்போ பக்கம், அதுக்கு எஸ்டிமேட் வாங்கி விலைல கழிச்சுக்கலாம்.

டயர்ல நாலு எண் ஒரு ஓவல் கட்டத்துக்குள்ள இருக்கும், 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். மீட்டர்ல 45,000 கிலோமீட்டர்னு இருக்கு, வண்டி 2015, டயர் நாலும் போன வருஷம்னா எத்தனையாவது செட்டுன்னு கேளுங்க. கிளட்ச் பெடல் ரப்பர், டிரைவர் சீட் ஓரம், ஸ்டியரிங் வழவழப்பு, இதெல்லாம் மீட்டர விட நேர்மையானவை. உள்பக்கம் மட்டும் தேஞ்ச டயர்னா அலைன்மென்ட், அலைன்மென்ட் பண்ணியும் அப்படியேன்னா அடி வாங்கின வண்டி. கீழ தொங்கற ஸ்டெப்னியையும் ஒருக்கா இறக்கிப் பாருங்க, யாருமே பாக்க மாட்டாங்க, சில வண்டில அந்த சங்கிலியே இறங்காது.

நாலு வீல் டிரைவ் இருந்தா அதை தார் ரோட்டுல போட்டு செக் பண்ணாதீங்க, பல்லுச் சக்கரம் இறுக்கிக்கும். மண் தரைல, முடிஞ்சா கொஞ்சம் ஈரமண்ணுல போட்டு லோ ரேஞ்ச் விழுதான்னு பாருங்க. வருஷக்கணக்கா யாரும் அந்தக் குமிழத் திருப்பியிருக்க மாட்டாங்க, அதுதான் பிரச்னையே.

கடைசில பேப்பர். சேஸிஸ் நம்பர் மேல வெள்ளத்தாள் வச்சு பென்சிலால தேச்சு பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோட ஒத்துப் பாருங்க. பரிவாஹன்ங்கற அரசு சைட்டுல நம்பரப் போட்டா ஃபைனான்ஸ் இருக்கா, இன்சூரன்ஸ் எப்ப முடியுது, சலான் பாக்கி எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். ஹெச்.பி. (ஆர்.சி.ல கடன் பதிவு) இருந்தா பேங்க் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) அந்தக் கடன் பதிவ நீக்கற படிவம் 35ம் கைக்கு வந்தப்புறம் மீதிப் பணம். பேர் மாத்தற படிவம் 29, 30ல கையெழுத்து வாங்கி அன்னைக்கே அப்லோட் பண்ணப் பாருங்க, "ஓப்பன் கையெழுத்து போட்டு வச்சுக்கலாம், பொறுமையா மாத்திக்கலாம்"னு ஓனர் சொன்னா அது அவருக்கும் ஆபத்து உங்களுக்கும் ஆபத்து. இன்சூரன்ஸ 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கணும், இல்லேன்னா எதிராளிக்கு ஆன சேதம்தான் பாலிசில நிக்கும், உங்க வண்டிக்கு ஆனது நிக்காது. பழைய ஓனரோட நோ கிளைம் போனஸ் அவரோடயே போயிடும், உங்களுக்கு வராது, அதனால பிரீமியம் கூடும், அதையும் கணக்குல வச்சுக்குங்க. ஃபாஸ்டேக் பழசக் கிழிச்சுட்டு உங்க பேர்ல புதுசு.

கேள்வி: சென்னைல வாங்கினா வெள்ளத்துல மாட்டின வண்டியா இருக்குமோன்னு பயமா இருக்கு. – தாம்பரம் வாசகி

பயம் நியாயமானதுதான். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாசம் தூத்துக்குடி திருநெல்வேலிப் பக்கம் வந்த வெள்ளம், இது மூணுலயும் முங்கின வண்டிங்க கழுவி வெளியூர் போய் சேந்திருக்கு, அதனால சென்னை மட்டும்னு இல்ல. சீட் பெல்ட்ட முழுசா கடைசி வரைக்கும் இழுங்க. யாரும் அந்தக் கடைசி ஒரு அடியக் கழுவ மாட்டாங்க, சேத்துக் கோடு இருந்தா அங்க இருக்கும். அப்புறம் சீட்டுக்கு அடில ரெயில் போல்ட்டு துரு, டேஷ்போர்டு கீழ ஒயர் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கா, இது போதும்.

கேள்வி: வி-கிராஸ் வாங்கியாச்சு. பின்னாடி கட்டில், அலமாரி, சின்ன கிச்சன் எல்லாம் வெல்ட் பண்ணி ஃபிக்ஸ் பண்ணலாம்னு இருக்கேன். என் கணவர் ஆர்.டி.ஓ. பிடிப்பாங்கன்னு பயமுறுத்தறார். யார் சொல்றது சரி? – கோவை வாசகி

உங்க கணவர் சொல்றதுதான் சரிம்மா, இந்த ஒரு தடவை.

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து மாறுபடற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கேரளா கேஸ் ஒண்ணுல அதையே உறுதியா சொல்லிடுச்சு. ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துல இருக்கு. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்னு சட்டத்துல ஒரு வகையே இருக்கறதும், மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124ன்னு தனி ஸ்டாண்டர்டு இருக்கறதும் உண்மைதான், ஆனா அது அப்ரூவல் வாங்கிக் கட்டற கம்பெனிக்காரங்க வழி, உங்க தெரு வெல்டிங் பட்டறை வழி இல்ல. அபராதத்த விடுங்க, ஆக்ஸிடென்ட்னு ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் முதல்ல தேடறது இதத்தான்.

அதனால ரூல் ஒண்ணே ஒண்ணு: எதையும் ஃபிக்ஸ் பண்ணாதீங்க, எல்லாத்தையும் லக்கேஜ் ஆக்குங்க. தொட்டில ஏற்கனவே கயிறு கட்டற கொக்கி இருக்கும். அதுல ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கற மாதிரி ரெண்டு பிளைவுட் பெட்டி செய்யுங்க, பக்கத்துக்கு ஒண்ணு, நடுவுல பலகை, மேல மெத்தை. ஒரு பெட்டில சாமான், ஒண்ணுல துணி. ஞாயித்துக்கிழமை மாலை ரெண்டு பேர் சேந்து இறக்கி வச்சிடலாம், திங்கக்கிழமை வண்டி மறுபடி வண்டி. பிளைவுட்ல பி.டபிள்யூ.பி. (கொதிதண்ணி தாங்கற) கிரேடு, ஐ.எஸ். 710 முத்திரை பாத்து வாங்குங்க, சாதா கமர்ஷியல் பிளை ஒரு மழைக்கு அப்பளமா பொரிஞ்சிடும்.

நீளம் ஒரு பிரச்னை. டபுள் கேபின் வண்டில தொட்டி அஞ்சடிதான், உங்க வீட்டுக்காரர் ஆறடின்னா மூலைக்கு மூலையா படுக்கணும், இல்ல பின்கதவ இறக்கி கால அந்தப் பக்கம் நீட்டணும், அப்ப மழைக்கும் கொசுவுக்கும் பின்னாடி ஒரு தார்ப்பாய்க் கூடாரம் வேணும். நிறைய பேர் இத வீட்டு வாசல்ல ஒரு ராத்திரி படுத்துப் பாக்காமலேயே பெட்டி செஞ்சுடறாங்க.

எடையப் பத்தி யாருமே கேக்கல, நானே சொல்றேன். ஆர்.சி.ல ரெண்டு நம்பர் இருக்கும், காலி எடை, மொத்த எடை. கழிச்சுப் பாருங்க. அதுல இருந்து உங்க ரெண்டு பேர் எடையக் கழிங்க. 20 லிட்டர் தண்ணி கேன் மூணு, அது 60 கிலோ. ஃபைபர் கேனோபி (தொட்டிய மூடற கூரை), பிளைவுட், பேட்டரி, ஃபிரிட்ஜ், மாவு அரைக்க மிக்ஸி (சிரிக்காதீங்க, ஒருத்தர் கல் கிரைண்டரே ஏத்தியிருந்தார்). மீதி எவ்வளவு இருக்குன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். சொந்த வண்டியா விக்கற பிக்கப்ல பாக்கறதுக்கு யானை ஏத்தலாம் போல இருக்கும், பேப்பர்ல அவ்வளவு இருக்காது. சாமான் எல்லாம் ஏத்தி டீசல் ஃபுல் பண்ணி ஒரு எடை மேடைல நிறுத்திப் பாருங்க, நூறோ நூத்தம்பதோ கேப்பாங்க, அவ்வளவுதான் செலவு.

முன்னாடி இருக்கற பெரிய இரும்பு பம்பர கழட்டிடுங்க. 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அது கூடாதுன்னு மாநிலங்களுக்கு எழுதிடுச்சு, ஏர்பேக் சரியான நேரத்துல வெடிக்கறதுக்கும் அது இடைஞ்சல்.

கேள்வி: சமையலுக்கு சிலிண்டர் வச்சுக்கலாமா? ஃபிரிட்ஜுக்கு கரண்ட்? – மதுரை வாசகர்

5 கிலோ சின்ன சிலிண்டர் நிறைய பெட்ரோல் பங்க்குலயே கிடைக்குது, அது போதும். ஆனா சமைக்கறது வெளியில, பின்கதவ இறக்கி அது மேல அடுப்ப வச்சு. மழை பெஞ்சா பரோட்டா கடை. கேனோபிக்குள்ள மூடிக்கிட்டு அடுப்பு பத்த வைக்கவே கூடாது, கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா மெத்தைக்கு அடில போய் தங்கும், மேல ஜன்னல் தொறந்திருந்தாலும் போகாது. குளிருக்கு உள்ள கரி அடுப்பு வச்சுத் தூங்கி எழுந்திரிக்காதவங்க செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் பேப்பர்ல வருது.

கரண்டுக்கு வண்டி பேட்டரியத் தொடாதீங்க. தனியா 100 ஆம்பியர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒண்ணு, அது சுமார் 1.28 யூனிட் வைக்கும், எடை 12 கிலோ பக்கம், அதே அளவு வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மூணு நாலு மடங்கு கனம். வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற ஒரு டிசி-டிசி சார்ஜர், நடுவுல ஃபியூஸ். சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நம்ம வெயில்ல ஒரு நாளைக்கு அரை யூனிட் கிட்ட இழுக்கும். மீதில லேப்டாப், ஒரு ஃபேன். ஏசி கேக்காதீங்க, ஏசி வேணும்னா லாட்ஜ்தான்.

கேள்வி: டெல்லி நம்பர் வண்டி ரெண்டு லட்சம் கம்மியா வருது. வாங்கலாமா? – பெங்களூர் வாசகர்

அங்க 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிக்கு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடைக்கு அப்புறம்தான் இந்த சீப் ரேட் தெற்குப் பக்கம் பிரபலமாச்சு. வாங்கலாம், ஆனா படிவம் 28 என்.ஓ.சி. கைல வந்தப்புறம்தான் அட்வான்ஸ் தாண்டி ஒரு பைசா. உங்க மாநிலத்துல மறுபடி ஆயுள் வரி கட்டணும், வண்டி வயசப் பொறுத்து கணக்கு, அதை ஆர்.டி.ஓ.ல கேட்டுட்டு ரெண்டு லட்சத்துல கழிச்சுப் பாருங்க. லாரில ஏத்திக் கொண்டு வர்ற செலவையும் கழிங்க. பெரும்பாலும் லாபம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

இதோட இன்னொண்ணு. 2020 ஏப்ரலுக்கு முன்னாடி பதிவான பி.எஸ். 4 வண்டியா, அப்புறம் வந்த பி.எஸ். 6 ஆன்னு நிறைய பேர் கேக்கறாங்க (பி.எஸ்.ங்கறது புகைக் கட்டுப்பாட்டுத் தரம்). பி.எஸ். 6ல புகைக்கரிய பிடிச்சு வைக்கற ஃபில்டர் ஒண்ணு இருக்கு, அது அப்பப்ப ஹைவேல நல்ல வேகத்துல ஓடினாத்தான் தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்கும். மலைல மெதுவா ஊர்ந்துக்கிட்டே, நிறுத்தி நிறுத்தி ஓட்டறவங்களுக்கு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ரோட்டுலயே குடியிருக்கறவங்களுக்கு நல்ல பி.எஸ். 4 வண்டிதான் என் சாய்ஸ். பெருநகரத்துக்காரங்க ரூல் மாறுமேன்னு யோசிச்சா பி.எஸ். 6 வாங்கிக்குங்க.

கேள்வி: ரெண்டு வீல் டிரைவ்ல லடாக் போக முடியுமா? – சேலம் வாசகர்

கோடைல ஆல்ட்டோவே போகுது. குளிர்காலம்னா வண்டிய விட டீசல்தான் பிரச்னை, கீழ இருந்து அடிச்சுட்டுப் போன சாதா டீசல் மெழுகா உறைஞ்சிடும். அங்க மைனஸ் 33 டிகிரி வரைக்கும் ஓடற குளிர்கால டீசல 2019ல இருந்து விக்கறாங்க, மேல போனப்புறம் அத அடிங்க.

கேள்வி: ஸ்கார்பரோல இருக்கேன். பழைய டக்கோமாவோ எஃப்-150யோ வாங்கி கோடைல ரெண்டு மாசம் சுத்தலாம்னு பிளான். உங்க ஊர் அட்வைஸ் எங்களுக்குப் பொருந்துமா? – கனடா வாசகர்

தூத்துக்குடிக்காரருக்கு சொன்ன ஸ்க்ரூ டிரைவர் உங்களுக்கு இன்னும் நல்லாப் பொருந்தும் அண்ணா. அங்க மீன் வண்டி வேண்டாம், ரோட்டுலயே பனிக்கு உப்பு கொட்டறாங்க, எல்லா வண்டியுமே மீன் வண்டிதான். டக்கோமா 2005ல இருந்து 2010 வரைக்குமான மாடல்ல ஃப்ரேம் துருவுக்காக டொயோட்டா மேல அமெரிக்கால பெரிய வழக்கே நடந்து 2016ல சமரசத்துக்கு வந்தாங்க, அந்த வருஷ வண்டின்னா ஃப்ரேம் மாத்தினதுக்கு பேப்பர் கேளுங்க. உங்க ஒன்டாரியோ மாகாணத்துல தனி ஆள்கிட்ட வாங்கினா விக்கறவர்தான் யு.வி.ஐ.பி.ங்கற பொட்டலம் வாங்கித் தரணும், அதுல வண்டி மேல கடன் இருக்கான்னு இருக்கும். சேஃப்டி சர்டிஃபிகேட் 36 நாள்தான் செல்லும், அது வண்டி நல்லா இருக்குன்னு கேரன்டி இல்ல, அன்னைக்கு பாஸ் ஆச்சுன்னு மட்டும்தான். விலைக்கு மேல 13 சதவீதம் வரி தனி, வித்தவர்கிட்ட விலைய கம்மியா எழுதச் சொல்லி பிரயோஜனம் இல்ல, மார்க்கெட் மதிப்பு ஜாஸ்தின்னா அதுக்குதான் வரி போடுவாங்க.

ஒரு விஷயத்துல உங்க மேல எங்களுக்குப் பொறாமை. ஒன்டாரியோவாசிகள் அங்க அரசு நிலத்துல ஒரு இடத்துல வருஷத்துக்கு 21 நாள் வரைக்கும் காசு இல்லாம கேம்ப் போடலாம். எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்ல, அடுத்த கேள்வியப் படிங்க.

கேள்வி: ராத்திரி எங்க நிறுத்தித் தூங்கறது? காட்டுக்குள்ள நிறுத்தலாமா? – திருநெல்வேலி வாசகர்

காட்டுக்குள்ள கூடாது. ரிசர்வ் ஃபாரஸ்ட்ல அனுமதி இல்லாம நுழையறதே குற்றம், யானை வந்தா கேஸே தேவைப்படாது. பந்திப்பூர் வழி ரோடு ராத்திரி 9ல இருந்து காலை 6 வரை மூடிடுவாங்க, சத்தியமங்கலம் திம்பம் ரோட்டுலயும் 2022 பிப்ரவரில இருந்து ராத்திரி கட்டுப்பாடு இருக்கு. செக்போஸ்ட்டுக்கு எட்டரைக்கு ஓடி வந்து சேந்து "சார் சார்"னு கெஞ்சறதுக்கு பதிலா மலையடிவாரத்துல இருக்கற பண்ணாரிலயே சாப்ட்டு தூங்கிட்டு காலைல ஏறலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும், ஃபோன்லயே எடுத்துடலாம்.

நல்ல இடம்னா ஹைவேல 24 மணி நேரமும் தொறந்திருக்கற பெரிய பெட்ரோல் பங்க். டீசல் அடிச்சுட்டு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை, "அண்ணா, அந்த ஓரமா போட்டுக்கறேன், காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவேன்". பெரும்பாலும் தலையாட்டுவாங்க. பாத்ரூம் இருக்கு, லைட்டு இருக்கு, கேமரா இருக்கு. லாரிங்க வரிசைக்கு நடுவுல நிறுத்தாதீங்க, ராத்திரி மூணு மணிக்கு ஒருத்தர் ரிவர்ஸ் எடுப்பார். கோயில் ஊர்ல பார்க்கிங் ஸ்டாண்டு நல்லது. தோப்பு வச்சிருக்கறவங்ககிட்ட கேட்டா நூறு இருநூறுக்கு மோட்டார் தண்ணியோட இடம் குடுப்பாங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது, குளியலும் ஆச்சு. பெண்கள் தனியாப் போனா பங்க்கோ தெரிஞ்சவங்க வீட்டு வாசலோதான், அழகான இடத்தப் பகல்ல பாத்துக்கலாம். ஆத்து மணல்ல மட்டும் நிறுத்தாதீங்க, மேல எங்கயோ அணை தொறப்பாங்க.

கேள்வி: வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டா ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் எந்த அட்ரஸ்ல வைக்கறது? வேற மாநிலத்துல ரொம்ப நாள் இருந்தா நம்பர் மாத்தணுமா? – ஈரோடு வாசகர் (மறுபடியும் அவரேதான்)

நீங்க கிளம்பறது உறுதின்னு தெரியுது. அம்மா அப்பா வீட்டு அட்ரஸுக்கு ஆதார், லைசென்ஸ், ஆர்.சி., பேங்க் நாலையும் கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, முகவரி மாறினா 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.க்கு சொல்லணும்னு சட்டமே இருக்கு. சலான் நோட்டீஸ், இன்சூரன்ஸ் லெட்டர் எல்லாம் அங்கதான் போகும், அதனால தபால் வந்தா பிரிச்சு போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்ப அங்க ஒரு ஆள் வேணும். ஃபோன் நம்பர் உங்க நம்பர்தான் வாகன்ல (அரசோட ஆன்லைன் வண்டிப் பதிவு) இருக்கணும், புரோக்கர் நம்பர அப்படியே விட்டிருந்தா ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும். நம்பர் விஷயம், ஒரே மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டிய வச்சிருந்தாத்தான் அந்த ஊர் நம்பருக்கு மாறணும். ஊர் ஊராப் போய்க்கிட்டே இருக்கறவங்களுக்கு அது வராது, ஆனா டோல் ரசீது, டீசல் பில்லு மெசேஜ் எல்லாம் அழிக்காம வச்சுக்குங்க, கோவால நிறுத்தி "எத்தனை நாளா இங்க இருக்கே?"ன்னு கேட்டா காட்டறதுக்கு அதுதான் உதவும்.